விழுந்ததும் சொல்லுங்க, வந்துருவோம்

ஊவா மாகாணத்துல எத்தனையோ மந்திரிமாரு வந்து போயிருக்காங்க. அதுல ஒருத்தராவது எங்க மைக்கு அக்கா அளவுக்கு டீவியில வந்திருந்தா, என் ஒரு பக்க மீசைய எடுத்துர்றேன். எனக்கு மீசை ஒழுங்கா மொளைக்கவே இல்ல, அது வேற விசயம்.

லுணுகலைக்கு மேல எங்க தேயிலைத் தோட்டம். அக்கா அங்க கொழுந்து எடுக்கிறவங்க. மைக்க எங்க கண்டாலும் அழுவாங்க, அதனால மைக்கு அக்கா. மாவு வெல ஏறிச்சா? அழுவாங்க. சம்பளத்துக்கு ஸ்ட்ரைக்கா? முன்வரிசையில நின்னு அழுவாங்க. ஒருக்கா எல்ல டவுனுல வெள்ளக்காரங்க சுத்திப் பாக்க வர்றதப் பத்தி என்னமோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மக வீட்டுக்குப் போன அக்கா அங்கயும் பூந்து அழுதுட்டாங்க. “சந்தோச நிகழ்ச்சின்னு எவனும் சொல்லலையேடா”ன்னு பிறகு கோவிச்சாங்க.

இது ஆரம்பிச்சது தண்ணிப் பைப்புல. அப்பதான் நாங்க வரிசையா குடியிருக்கிற லயத்துல வீட்டுக்கு வீடு டீவி வந்த நேரம். மாசக்கணக்கா பைப்புல காத்துதான் வருது. கங்காணி சொல்லிப் பாத்தாரு, யூனியன் தலைவர் சொல்லிப் பாத்தாரு, தோட்டத்துத் தொரை “பாப்போம், பாப்போம்”னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒரு நாளு கொழும்புலேருந்து டீவிக்காரத் தம்பி ஒருத்தர் மைக்கோட, கேமராக்காரரையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. மொதல்ல என்னத்தான் கூப்பிட்டாரு. நான் கலியாணச் சட்டைய மாட்டி, மூஞ்சில பவுடர அப்பி, “அன்பார்ந்த நேயர்களே”ன்னு ஆரம்பிச்சு ஒரு சொற்பொழிவே நடத்துனேன். அஞ்சாம் வகுப்போட நின்னவன் பேசுற பேச்சா அது! அன்னிக்கு சாயந்தரம் லயமே கூடி உக்காந்து நியூஸ் பாத்துச்சு. என் முழங்கை மட்டும் வந்துச்சு.

“முழங்கை நல்லாத்தாங்க பேசுச்சு”ன்னா என் பொண்டாட்டி.

எனக்குப் பக்கத்துல நின்ன அக்கா முழுசா வந்தாங்க. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு, “புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி இல்லைங்கய்யா”ன்னு ஒரு அழுக. பின்னால வயலின் வேற வாசிச்சிருந்தாங்க. மறுநாளு வெடியக்காலம் பெரட்டுல வேலைக்குப் பேரு குடுத்துட்டு வர்றதுக்குள்ள பைப்புல தண்ணி.

அன்னியிலருந்து அக்கா எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்க ஆரம்பிச்சாங்க. “டீவிக்காரன் வந்தா செருப்பக் கழட்டி ஒளிச்சு வைங்க. புள்ளைங்களுக்குத் தலை சீவாதீங்க. மொதல்ல அந்த டீவிப் பொட்டிய போர்வைய போட்டு மூடுங்கடா!”

“அது எதுக்கு அக்கா?”

“டீவி வச்சிருக்கவன் கஷ்டப்படுறான்னா டீவி பாக்குறவன் நம்புவானாடா?”

நானும் யோசிச்சுப் பாத்தேன். கஷ்டப்படுறவனத் தேடி கேமராவ தூக்கிக்கிட்டு வருவாங்களாம், ஆனா அவன் அவங்க கேட்ட மாதிரிதான் கஷ்டப்படணுமாம். கலியாணச் சட்டை போட்ட என்ன அன்னிக்கு நியூஸ்ல வெட்டுனது ஏன்னு அப்பதான் வெளங்குச்சு.

பிறகுதான் வெடிப்பு வந்துச்சு. லயத்துல ஒரு வீடுன்னா ஒரு காம்பரா. கடைசி காம்பரா என்னோடது, அதுக்கு அடுத்தது அக்காவோடது. எங்களுக்குப் பின்னால மலை. என் செவத்துல மயிரு மாதிரி ஒரு கோடு விழுந்து, மழைக்கு மழை அகலமாச்சு. சீப்பு சொருக எடம் கெடச்சிருச்சுன்னு என் மகளுக்கு ஒரே சந்தோசம். எனக்கும் ஒன்னும் தோணல. தெனமும் பாக்குறதுக்கு யாரு பயப்படுவா? அக்கா மட்டும் வந்து வந்து வெரல விட்டுப் பாப்பாங்க.

“மலை நகருதுடா. பெருமழைக்கு முன்ன எல்லாருக்கும் வேற எடம் வாங்கணும். இந்தப் புள்ள இந்தச் செவத்தோரமாத்தானே படுக்குது?”

தொரை “பாப்போம்”னாரு. அக்கா நேரா டவுனுக்குப் போயி, கடை போன்ல அந்தக் கொழும்புத் தம்பிய வரச் சொல்லிட்டாங்க. தம்பி வந்தாரு. வெடிப்பப் பாத்தாரு. மூஞ்சி சுருங்கிப் போச்சு.

“இவ்வளவுதானா? இன்னும் ஒன்டும் விழல்லையே அக்கா.”

“விழுந்தா நாங்க செத்துருவோமே தம்பி.”

“அதுதான் அக்கா சொல்றன். வெடிப்பக் காட்டினா சனம் சேனல மாத்திரும். விழுந்ததும் போன்ல ஒரு கோல் எடுங்க, ஒடனே வந்துருவோம்.”

எவ்வளவு அன்பா சொன்னாரு தெரியுமா! எழவுக்கு வர்றேன்னு முன்கூட்டியே வாக்குக் குடுக்க ஒரு நல்ல மனசு வேணுமில்ல?

“தேத்தண்ணி குடிங்க தம்பி”ன்னு அக்கா கோப்பைய கையில குடுத்தாங்க. உள்ள போயி மம்முட்டிய எடுத்துக்கிட்டு வந்து, அவங்க காம்பராவோட முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணைச் செவத்துல ஓங்கி ஒரு போடு! கோழி அலறிக்கிட்டு ஓடுது, தூசி பறக்குது.

“அக்கா! என்னாக்கா பண்றீங்க!”

“வாய மூடிக்கிட்டு வந்து தள்ளுடா!”

தள்ளுனேன். செவரு என் கால் மேலயே விழுந்துச்சு. நான் போட்ட கூச்சல் இருக்கே, அதுதான் அன்னிக்கு அங்க கேட்ட ஒரே உண்மையான சத்தம். தம்பி எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு. தேத்தண்ணிய கடைசி மொடக்கு வரைக்கும் குடிச்சு, கோப்பைய கீழ வச்சாரு.

“அக்கா, அந்தத் தகரத்தையும் கொஞ்சம் சாய்ச்சு விட்டா நல்லம்.”

சாய்ச்சோம். அக்கா குந்தி அழுதாங்க. தம்பி கண்ணத் தொடச்சுக்கிட்டு வெடிப்பையும் சேத்து எடுக்க வச்சாரு.

சாயந்தரம் போர்வைய எடுத்துட்டு என் வீட்டு டீவிய போட்டோம். “மலை சரிந்தது, குடும்பங்கள் நிர்க்கதி”ன்னு நியூஸ், அதே வயலின். வெடிப்ப பெருசாக் காட்டுனாங்க பாருங்க, என் பொண்டாட்டி “ஐயையோ, எம்மாம் பெரிய வெடிப்பு!”ன்னு புள்ளையக் கட்டிப் புடிச்சு அலறுனா. நானும் பாயச் சுருட்டிக்கிட்டு ஓட எந்திரிச்சுட்டேன். அந்த வெடிப்பு டீவிக்கு நேரா பின்னாலதான் இருக்கு. தலையத் தூக்கிப் பாக்க ஒருத்தனுக்கும் தோணல!

விடிஞ்சதும் ஜீப்பு ஜீப்பா வந்தாங்க. தொரைக்கும் திடீர்னு கண்ணு தெரிஞ்சிருச்சு. மத்தியானத்துக்குள்ள லயத்துச் சனம் மொத்தத்தையும் கொழுந்து நிறுக்கிற பழைய மடுவத்துக்கு மாத்துனாங்க.

பெருமழை அடுத்த வாரம் புடிச்சுச்சு. ஒரு காலையில பெரிய சத்தம். ஓடிப் போயிப் பாத்தா, என் காம்பராவும் இல்ல, அக்கா காம்பராவும் இல்ல, வெறும் சேறு. யாரோ போன் போட்டு, கொழும்புத் தம்பி சொன்ன வாக்குத் தவறாம மூச்சு வாங்க வந்து சேந்தாரு.

“எத்தின பேர் அக்கா?”

“யாருக்கும் ஒன்னுமில்ல தம்பி.”

“ஒருத்தருக்குமா?” அந்த மூஞ்சில வந்த கவலை, எங்க சொந்தக்காரங்க மூஞ்சில கூட வரல. “சரி, நீங்க சேத்துப் பக்கமா இருந்து கொஞ்சம் அழுங்க.”

அக்கா உக்காந்தாங்க. மைக்க நீட்டுனாரு. அக்காவுக்குச் சிரிப்பு வந்துருச்சு.

“என்னத்துக்குத் தம்பி அழுவணும்? எல்லாச் சனமும் இருக்குதே!”

“அக்கா, கொஞ்சமா...”

அவரு கெஞ்சக் கெஞ்ச அக்காவுக்குச் சிரிப்பு கூடுது. கடைசியில தம்பி, “பேக் பண்ணுங்க”ன்னு கேமராக்காரர்கிட்ட சொல்லிட்டாரு. அன்னிக்கு நியூஸ்ல யாரோ நடிகை கலியாணம். நாட்டுக்குத் தெரிஞ்ச வரைக்கும் எங்க மலை விழாத அன்னிக்கு விழுந்துச்சு, விழுந்த அன்னிக்கு விழல.

அக்கா சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு, என் மகள தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு மடுவத்துப் பக்கம் நடந்தாங்க. நான் அங்கயே நின்னு அழுதேன். நல்லவேளை, கேமராவ வண்டியில ஏத்திட்டாங்க.