ஞாயிறுதோறும் பூன் லே

வண்டி வாங்கிய மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டுத் தேக்காவிலிருந்து பாசிர் ரிஸ் திரும்பும் வழியில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்துல் கையூம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏற்கெனவே ஏழெட்டு விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய வண்டியில் இன்னொன்று எரிந்தால் என்ன என்று விட்டுவிட்டார். கார் பார்க்கின் மூன்றாவது மாடியில் கொண்டுவந்து நிறுத்தியபோதும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டில் சொல்லவும் முடியாது. அவர் மனைவி சம்சுன்னிசா அந்த வண்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது.

கையூம் முப்பத்தைந்து வருஷம் டன்லப் ஸ்திரீட்டில் பயணப் பெட்டிக் கடை வைத்திருந்தவர். ஊருக்குப் போகிறவர்கள், ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் கடை வாசலில் பெட்டியை உருட்டிக் காட்டி விற்றுவிட்டு, தான் மட்டும் எங்கேயும் போகாமல் அறுபத்திரண்டு வயதைத் தொட்டார். வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் கடையை மூடினார். அதற்கு அடுத்த வாரம் மீன் வாங்கப் போன வழியில், பழைய கார்கள் விற்கும் இடத்தில் இதைப் பார்த்தார். கறுப்பு நிறம், டீசல் எஞ்சின், தோல் இருக்கை. ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கும் பஸ் ஓட்டுநரின் முகம் நேருக்கு நேர் தெரிந்தது. ஏழு வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. பத்து வருஷத்துக்கு மேல் ஓட விடாத சட்டப்படி அதற்கு மிச்சமிருந்த ஆயுள் இரண்டு வருஷம் எட்டு மாதம். அது போதும் என்று வாங்கிவிட்டார். மீனை மறந்துவிட்டார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று சம்சுன்னிசா ஜன்னலோரம் நின்று கீழே பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“கடையை மூடினதைப் பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். வண்டி வாங்கினதை வண்டியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். நல்லா இருங்க. நான் அதுல ஏற மாட்டேன்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வண்டி பள்ளிவாசலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய் வந்தது, கையூமை மட்டும் சுமந்துகொண்டு.

மஞ்சள் விளக்குக்கு முதல் வைத்தியம் சொன்னவர் நசீர். டன்லப் ஸ்திரீட்டில் கையூமின் கடைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். தெரியாத விஷயத்தில்தான் அவருக்கு உறுதி அதிகம். டீசல் டாங்க்கில் ஊற்றுகிற மருந்து ஒன்று இருக்கிறது, ஒரு பாட்டில் போதும் என்றார். கையூம் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பாட்டில் ஊற்றினார். மறுநாள் மஞ்சள் விளக்குக்குத் துணையாக ஒரு சிவப்பு விளக்கும் வந்து சேர்ந்தது.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் எல்லா விளக்கும் அணைந்துவிடும் என்று யாரோ ஒருவர் வீடியோவில் சொல்லியிருந்தார். கழற்றி மாட்டினார். விளக்குகள் அணைந்துதான் போயின. கூடவே ரேடியோ ஏதோ ரகசிய எண் கேட்டது, இறக்கிவிட்ட ஜன்னல் கண்ணாடிகள் நான்கும் மேலே வர மறுத்துவிட்டன. ஜன்னலைத் திறந்து வைத்த நிலையில் வண்டியை விட்டுப் போக மனமில்லாமல் கையூம் அதற்குள்ளேயே சாயங்கால அஸர் தொழுகை நேரம்வரை உட்கார்ந்து காவல் காத்தார். வெறுமனே உட்கார்ந்திருப்பானேன் என்று எஞ்சினைப் போட்டு அழுத்திப் பார்த்தார். பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி மூன்றாவது மாடி முழுவதையும் மூடியது. யாரோ தீயணைப்புக்கு போன் போட்டுவிட்டார்கள்.

எட்டாவது மாடி வீட்டிலிருந்து தீயணைப்பு வண்டியைப் பார்த்த சம்சுன்னிசா, ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் கணவரின் செருப்புமாக ஓடி வந்தார். கையூம் இருமிக்கொண்டு வெளியே வந்து, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லித் தேற்றினார்.

“வண்டியப் பாக்கவா நான் வந்தேன்?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார் சம்சுன்னிசா. மூன்று வாரத்துக்கும் மேலான பிறகு வண்டியைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது.

கடைசியில் வண்டியைக் காக்கி புக்கிட்டில் வேலாயுதத்தின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வேலாயுதம் நாற்பது வயதுக்காரர், கையில் கிரீஸ் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவி நிரஞ்சனா முன்னறையில் உட்கார்ந்து பில்லும் போனும் பார்த்துக்கொள்வார். வேலாயுதம் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து வந்து சொன்னார்.

“பாய், இது டீசல் வண்டி. பள்ளிவாசலுக்கும் மார்க்கெட்டுக்கும் போயிட்டு வந்தா இதுக்குப் பத்தாது லா. புகைக்குழாய்ல ஒரு பில்டர் இருக்கு, அதுல கரி சேந்து அடைச்சிருச்சு. வாரத்துக்கு ஒரு தடவ எக்ஸ்பிரஸ்வேல ஒரு மணி நேரம் நிக்காம ஓட்டுங்க. அந்தச் சூட்டுல கரி தன்னால எரிஞ்சிடும்.”

ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்ட இந்தச் சின்னத் தீவு நாட்டில் இடம் எங்கே இருக்கிறது என்று கையூம் கேட்டார். வேலாயுதம் கிரீஸ் விரலால் காற்றில் நீளமாக ஒரு கோடு போட்டார். கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குப் போய்த் திரும்பி வாருங்கள், பாசிர் ரிஸ்ஸிலிருந்து பூன் லே, வேறு வழியில்லை என்றார்.

கையூம் இதை வீட்டில் சொன்னபோது சம்சுன்னிசா அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, தானும் வருகிறேன் என்றார். கையூமுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகமாக இருந்தது. பூன் லே உணவங்காடியில் இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக் தேநீரும் பரோட்டாவும் இருப்பது தனக்குத் தெரியும், அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதும் தெரியும், காவலுக்குத்தான் வருகிறேன் என்று அவரே காரணத்தையும் சொன்னார்.

முதல் ஞாயிறு சம்சுன்னிசாவால் வண்டியில் ஏற முடியவில்லை. குள்ளமான உருவம், உயரமான வண்டி. கையூம் மறுபடி மாடிக்குப் போய் சமையலறை ஸ்டூலை எடுத்து வந்தார். அதன்மேல் ஏறி, டாக்சியில் உட்காருவதுபோலப் பின் இருக்கையில் உட்கார்ந்தார் சம்சுன்னிசா. பூன் லே போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது, வேகத்தைக் குறையுங்கள் என்று மட்டும் சொன்னார். மூன்றாவது வாரம், பின்னால் குளிர்காற்று அதிகமாக அடிக்கிறது என்று முன் இருக்கைக்கு வந்தார்.

அதற்குப் பிறகுதான் பேச்சு தொடங்கியது. கடை காலத்தில் கையூம் காலையில் போனால் கடை சாத்தித்தான் வருவார், சாப்பிட்டு உறங்குவார். மனைவியோடு சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் உட்கார்ந்த நினைவு அவருக்குத் திருமணத்தன்றுகூட இல்லை. இப்போது ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கிப் போக இருவருக்குமே வழியில்லை. சம்சுன்னிசா ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்யாணமான புதிதில் ஒருநாள் சோறு கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி டன்லப் ஸ்திரீட் வரை வந்ததாகவும், கடை நிறைய ஆட்கள் நின்றதால் எதிர்ப் பக்கமே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாகவும் சொன்னார். இன்னொரு ஞாயிறு, மகள் தமன்னாவுக்கு முன்னால் வயிற்றிலேயே கலைந்துபோன பிள்ளையைப் பற்றிப் பேசினார். அன்றைக்குக் கடையில் ஹஜ் கூட்டம். போன் செய்தால் அவருடைய வியாபாரம் கெடுமே என்று, ரத்தப் போக்கோடு தனியாக பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாராம். பிள்ளை தங்கவில்லை என்பதுதான் கையூமுக்குத் தெரியும். பஸ் விஷயம் தெரியாது.

இதைக் கேட்ட ஞாயிறு கையூம் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, பூன் லேயையும் தாண்டி மேற்கே துவாஸ் வரைக்கும் போய்விட்டார். சம்சுன்னிசாவும் சுட்டிக்காட்டவில்லை.

இப்படி நாலு மாதம் போனது. ஒருநாள் பட்டறையில் விட்டிருந்த வண்டியை எடுக்கப் போனபோது வேலாயுதம் சிரித்த முகமாக எதிரே வந்தார். பில்டரையும் மாற்றியாகிவிட்டது, அதைக் கவனிக்கிற சென்சாரையும் மாற்றியாகிவிட்டது, உண்மையில் கோளாறு அந்த சென்சாரில்தான் என்றார். இனி ஊருக்குள் ஓட்டினாலே போதும், பூன் லே வரைக்கும் அலைய வேண்டாம் என்றார். நல்ல செய்தி சொன்ன திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

கையூம் வண்டியை எடுத்துக்கொண்டு பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எந்தச் சாக்கில் இனி அவளை அழைப்பது? சும்மா வா, உன்னோடு பேச வேண்டும் என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அறுபத்திரண்டு வயதில் அதை எங்கிருந்து தொடங்குவது என்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும், பில்டர் இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம் என்றார்.

முப்பத்தைந்து வருஷ வியாபாரத்தில் ஒட்டுப்போட்ட பெட்டியை ஒட்டுப்போட்டது என்று சொல்லியே விற்றவர் அவர். அதனால் பொய் அவருக்குச் சரளமாக வரவில்லை. ஞாயிறு காலையில் பானட்டைத் திறந்து, டாக்டர் மாதிரி காதைக் கொடுத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்குவார். ஒருமுறை பெல்ட் போடாததற்கு எரிந்த விளக்கைக் காட்டி, இதோ பார், மறுபடி எரிகிறது என்றார்.

“அப்பக் கெளம்புங்க. லேட் பண்ணினா இன்னும் அடைச்சுக்கும்,” என்றார் சம்சுன்னிசா. பிளாஸ்க்கில் தேநீர் ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்தார்.

அடுத்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து சம்சுன்னிசாவுக்கு வயிற்றில் வலி கண்டது. டாக்டர்கள் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பிறகு கையூமைத் தனியாகக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமைதோறும் மருந்து ஏற்றினார்கள். வெள்ளியும் சனியும் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தவர், ஞாயிறு காலையில் தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு தலையணை, கையில் வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பை. இந்த வாரம் வேண்டாமே என்று கையூம் கெஞ்சினார்.

“உங்களுக்கு அந்தப் புகை ஒத்துக்காது. வண்டிய எடுங்க.”

ஒவ்வொரு வேகத்தடையிலும் சம்சுன்னிசா கண்ணை இறுக மூடிக்கொள்வதைக் கையூம் ஓரக்கண்ணால் பார்த்தார். ஓர் அடைபடாத பில்டருக்காக இவளை நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு அலைகிறோமே என்று உள்ளுக்குள் அறுத்தது. சொல்லிவிடலாம். சொன்னால், இத்தனை மாதமும் ஏமாற்றினீர்களா என்பாள். அப்படி ஒரு பேச்சோடு அவள் போய்விடக் கூடாது. இரண்டு தடவை வாயெடுத்தார். முதல் தடவை, “சம்சு, இந்த வண்டியப் பத்தி ஒண்ணு சொல்லணும்,” என்று தொடங்கியதுமே அவர் வெந்நீர் கேட்டார். இரண்டாவது தடவை, ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசி ஞாயிறு பூன் லேயில் சம்சுன்னிசாவால் இறங்க முடியவில்லை. கையூம் தேநீர் வாங்கி வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை நீங்கள் குடியுங்கள், இன்றைக்குச் சர்க்கரை பரவாயில்லை என்றார். திரும்பும்போது தோ பாயோ தாண்டும் முன்பே தூங்கிவிட்டார். கையூம் வீட்டுக்குப் போகாமல், அவர் விழிக்கும்வரை பாசிர் ரிஸ்ஸைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து பதினோராம் நாள் சம்சுன்னிசா மௌத்தானார். சுவா சூ காங்கில் அடக்கம். மேற்கே போகிற அதே பாதைதான். பெர்த்திலிருந்து வந்திருந்த தமன்னா, வண்டியை யாராவது ஓட்டட்டும் அத்தா என்றாள். அவர் கேட்கவில்லை. பக்கத்து இருக்கையில் மகள் அழுதுகொண்டு வர, அவரேதான் ஓட்டினார்.

நாற்பது நாள் கழிந்தும் அந்த ஒன்று அவரை விடவில்லை. பிரியும்போது எல்லோரும் எல்லோரிடமும் மாப்புக் கேட்டுக்கொள்கிறார்கள். அவரும் கேட்டார். ஆனால் எதற்கு என்று சொல்லிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பார்க்கின் மூன்றாவது மாடிப் பக்கமே அவரால் போக முடியவில்லை. வண்டிக்கு இன்னும் எட்டு மாத ஆயுள் இருந்தது. அது தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்து, பழைய இரும்புக்குக் கொடுத்துவிட ஏற்பாடு செய்யச் சொல்லிப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

வேலாயுதம் வெளியே போயிருந்தார். நிரஞ்சனா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அக்கா எப்போது, எப்படி என்று தணிந்த குரலில் கேட்டார். அதற்குத்தான் காத்திருந்ததுபோல, கையூம் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்தப் பெண்ணிடம் கொட்டிவிட்டார். பில்டர் மாற்றியதை மறைத்தது, பெல்ட் விளக்கைக் காட்டியது, அந்த வலியோடு அவளை ஏற்றிப் போனது, ஒன்றுவிடாமல்.

“நோயாளிய ஒன்றரை வருஷமா ஏமாத்திட்டேம்மா. அவ அதை நம்பியே போயிட்டா,” என்றார்.

நிரஞ்சனா பேனாவைக் கீழே வைத்தார். வேலாயுதம் வருகிறாரா என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“பாய், இது எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. வண்டி ரெடின்னு சொல்ல அன்னைக்கு உங்க போனுக்கு நான்தான் அடிச்சேன், நீங்க தொழப் போயிருந்தீங்க, அக்கா எடுத்தாங்க; பில்டர் மாத்தியாச்சு, இனிமே பூன் லே வரைக்கும் ஓட்ட வேண்டியதில்லக்கான்னு சொன்னேன், அதுக்கு அவங்க, ‘இத மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதம்மா, தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை என்னைய எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க’ன்னாங்க.”