தேவாங்கு படித்த ஒரே ஒரு பாடம்

ஒரு காட்டில், எல்லாக் காடுகளிலும் இருப்பதைப் போல ஒரு சிங்கராஜா இருந்தார். வேறெந்தக் காட்டிலும் இல்லாத நீர்நிலைத் துறை அலுவலகம் ஒன்றும் இருந்தது. தண்ணீர் மட்டும்தான் இல்லை. தண்ணீர் இருந்திருந்தால் அதற்குத் தனியாக ஓர் அலுவலகம் எதற்கு?

அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உதவிக் கண்காணிப்பாளராக இருந்தவர் தில்லைநாயகம் என்கிற தேவாங்கு. குச்சி உடம்பு, உருட்டிவைத்த கண். மற்றவர்களை 'தேவாங்கு மாதிரி முழிக்காதே' என்று திட்டலாம். இவரைத் திட்ட அந்த வசதியும் கிடையாது.

தில்லைநாயகம் சோம்பேறி இல்லை. எந்தக் கோப்பு வந்தாலும் அன்றைக்கே பார்த்துவிடுவார். 'ஆவன செய்யலாம்' என்று ஒரு வரி எழுதுவார். அதற்குக் கீழேயே 'எனினும் மறுபரிசீலனை செய்வது நலம்' என்று இன்னொரு வரி எழுதுவார். இந்த இரண்டு வரிக்கு நடுவில் மாட்டிய கோப்பு மேலேயும் போகாது, கீழேயும் வராது. கிழக்குப் பொட்டலில் புதுக் குளம் வெட்டுவதற்கான கோப்பு இப்படித்தான் எட்டு வருஷமாகச் சௌக்கியமாக இருந்தது. யார் மேலும் பழி வராது. இப்படியே ஓய்வு பெற்றுவிடலாம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

ஆனால் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்த எருமை ஓய்வு பெற்றது. அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவர் யார் என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். 'காட்டுத் திருநாள் ஊர்வலத்தில் குதிரை மேல் முன்செல்லத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும்' என்று அதில் ஒரு விதி இருந்தது. நீர்நிலைக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. விதியை எழுதியவர் செத்து, மறுபிறவி எடுத்து, அந்தப் பிறவியிலும் ஓய்வு பெற்றிருப்பார். விதி மட்டும் அப்படியே இருந்தது.

போட்டியில் இரண்டே பேர். தில்லைநாயகம் ஒருவர். இன்னொருவன் அதே அலுவலகத்தில் வேலை பார்த்த குரங்கு வேலாண்டி. ஊர்வலத்தில் இருவரும் குதிரை மேல் முன்னால் வரவேண்டும். நன்றாக வருகிறவருக்கு நாற்காலி. மற்றவருக்கு முதலைமடுக் கிளை அலுவலகத்துக்கு மாற்றல்.

முதலைமடுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மூன்று வருஷத்தில் நான்கு பேர் அங்கே மாற்றலாகிப் போனார்கள். நான்கு பேருமே மதிய உணவு இடைவேளையில் காணாமல் போனார்கள். யாருடைய மதிய உணவு என்று அறிக்கையில் குறிப்பிடவில்லை.

"ஏங்க, அந்த வேலாண்டி சந்தைக்கு வர்ற மட்டக்குதிரையில ஓசியிலயே ஏறிப் பழகிட்டானாம்" என்றாள் மனைவி வடிவாம்பாள். "நேத்து ஆத்தங்கரை வரைக்கும் போய்ட்டு வந்துட்டானாம். நீங்க என்னான்னா கெளை விட்டுக் கெளை மாறவே ஒரு பொழுது ஆக்குறீங்க."

"பழகிக்கலாம் வடிவு. ஆனாலும் யோசிச்சுத்தான் செய்யணும்."

"யோசிங்க, யோசிங்க. முதல வாயில உக்காந்துகிட்டு யோசிங்க!"

சொல்லிவிட்டு அவள் அழுதாள். முதலையை நினைத்துப் பாதி, அவளை நினைத்துப் பாதி, மழைக்காலத்துக்கென்று அவள் வறுத்து மூடி வைத்திருந்த ஒரு பானை ஈசலைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பினார்.

காட்டின் ஓரத்தில் ஒரு குதிரையேற்றப் பள்ளி இருந்தது. அங்கே இருந்தது ஒரே ஒரு குதிரை, பெயர் சௌதாமினி. சீமையில் பன்னிரண்டு வருஷம் படித்தவள். பந்தயக் குதிரை இல்லை. ஓடுவது அவளுக்கு அநாகரிகம். நடப்பதையே நாட்டியமாக நடக்கப் பழகியவள். அதற்கு டிரெஸ்ஸாஜ் என்று ஒரு பெயர் சொல்வாள். அந்தப் பெயரைச் சொல்லும்போதே கட்டணம் ஒரு பங்கு ஏறிவிடும். பள்ளிக்கு ஆசிரியையும் அவளே, வாகனமும் அவளே.

வாசலில் கவுன்ட்டரில் ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது. நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தது. 'விழுந்தால் யாருக்குத் தகவல் சொல்வது?', 'மிதிபட்டால் எந்தப் பகுதியைத் தகவலோடு அனுப்புவது?' என்றெல்லாம் கேள்விகள். தில்லைநாயகத்துக்குப் படிவம் என்றால் உயிர். இரண்டு கேள்விக்கு அடிக்குறிப்பே போட்டார். ஆமை ஒரு டோக்கனையும் நீட்டியது.

"டோக்கன் எதுக்கு? வரிசையில என்னைத் தவிர யாருமே இல்லையே."

"அதான் சார் உங்களுக்கு நம்பர் ஒண்ணு. கூப்பிடுவோம், உக்காருங்க."

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

சௌதாமினி வெள்ளை வெளேரென்று நின்றாள். பானையை ஒரு பார்வை பார்த்தாள். "ஈசலா? நான் புல்லு திங்கிற சாதி சார். இருந்தாலும் வச்சிட்டுப் போங்க. குடுத்து வலிச்சாத்தான் பாடம் ஏறும்."

தில்லைநாயகம் வாலைப் பிடித்து, முதுகெலும்பைத் தடவி, மெல்ல மெல்ல ஏறினார்.

"இன்னும் ஏறலையா சார்?"

"ஏறி அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா."

"அப்படியா. சரி, அசையாம இருங்க."

அசையாமல் இருப்பது தில்லைநாயகத்துக்குக் கைவந்த கலை. ஆனால் மூக்கில் தூசி ஏறியது. ஒரு தும்மல் போட்டார். சௌதாமினி உடனே கால் மேல் கால் மாற்றி, பக்கவாட்டிலேயே எட்டு அடி போனாள். எதிர்மரத்தில் கொழுத்த வண்டு ஒன்று தெரிந்தது. அவர் கண்ணை மட்டும்தான் அந்தப் பக்கம் திருப்பினார். அவள் நேராக அந்த மரத்தடியில் போய் நின்றாள். பயந்து மூச்சை இழுத்துப் பிடித்தார். அவள் கல்லாய் நின்றுவிட்டாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா!"

"உங்க வாய் சொல்லலை. உங்க இடுப்பு சொல்லிச்சு. மனசுல இருக்குறது இடுப்புக்கு வரும், இடுப்புல இருக்குறது எனக்கு வரும். மட்டக்குதிரைக்கு அடிச்சாத்தான் தெரியும். எனக்கு நினைச்சாலே தெரியும். அதுக்குத்தான் இந்தக் கட்டணம்."

தில்லைநாயகத்துக்கு வியர்த்தது. இருபத்திரண்டு வருஷமாக மனதில் இருப்பதை ஒரு ஜீவனுக்கும் காட்டாமல் வேலை பார்த்தவர் அவர். இப்போது ஒரு குதிரையின் முதுகில் அம்மணமாக உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது.

"இப்ப முன்னால போகச் சொல்லுங்க" என்றாள் அவள்.

அவர் இரண்டு காலாலும் அவள் விலாவை அழுத்தினார். அழுத்திய மறுநொடியே, போய்விட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் இரண்டு கையாலும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார். காலையும் விடவில்லை, கையையும் விடவில்லை.

சௌதாமினி கழுத்தை வளைத்தாள். முன்னங்கால் ஒன்றும் பின்னங்கால் ஒன்றும் சேர்ந்து எழுந்தன, இறங்கின. அடுத்த இரண்டும் எழுந்தன, இறங்கின. அப்படி ஒரு கம்பீரம், அப்படி ஒரு தாளம். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டாபிஷேகத்துக்குப் போகிறாள் என்று தோன்றும். ஆனால் நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

"என்னம்மா இது? போகத்தானே சொன்னேன்!"

"சொன்னீங்க. கூடவே போகாதேன்னும் சொன்னீங்க. ரெண்டையும் சேர்த்துச் சொன்னா நான் இப்படித்தான் நின்ன இடத்துல ஆடுவேன். சார், இந்த நடையைப் பழக எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. இதைக் கேட்டு வாங்கத் தெரியாமலே கிழவனாப் போன சவாரிக்காரங்க சீமையில இருக்காங்க. ஏறின முதல் நாளே கேட்டது நீங்க ஒருத்தர்தான். எங்க வேலை பாக்குறீங்க?"

"நீர்நிலைத் துறைல."

"அப்படிச் சொல்லுங்க" என்றாள் சௌதாமினி.

எத்தனை முறை முயன்றும் அதேதான் நடந்தது. காலை அழுத்தினால் கை தானாக இழுத்தது. கையைத் தளர்த்தினால் கால் பயந்து தளர்ந்தது. ஒரு மணி நேரம் முடிந்ததும் ஆமை மணி அடித்தது.

"முன்னால போறது ரெண்டாவது பாடம். அதுக்கு இன்னொரு பானை" என்றாள் சௌதாமினி. "ஊர்வலத்துக்கு மட்டும் நான் வருவேன். அது முதல் பாடத்தோட சேர்த்தி."

இன்னொரு பானை வீட்டில் இல்லை.

"போகக் கத்துக்கிட்டீங்களா?" என்று வடிவாம்பாள் வாசலிலேயே கேட்டாள்.

"போகலாம்னுதான் இருக்கு. எனினும்..."

அவள் உள்ளே போய் மறுபடி அழுதாள்.

காட்டுத் திருநாள் வந்தது. கோடை உச்சியில் இருந்தது. ஊர்வலம் ராஜாவின் குகையில் புறப்பட்டுக் கிழக்குப் பொட்டலில் முடியும் என்றும், அங்கே சிங்கராஜா புதுக் குளத்தைத் திறந்துவைப்பார் என்றும் தண்டோரா போட்டிருந்தார்கள்.

குளம் வெட்டவே இல்லையே என்று கேட்பீர்கள். நியாயம்தான். 'கோப்பு நகர்கிறது' என்று தில்லைநாயகம் எருமையிடம் சொல்லியிருந்தார். 'வேலை நடக்கிறது' என்று எருமை மந்திரியிடம் சொன்னது. மந்திரி யானை அதை 'முடியும் தறுவாயில்' என்று திருத்தியது. சிங்கராஜா காதுக்குப் போனபோது குளம் நிரம்பியிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் நல்லபடியாகச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

முதலையை நினைத்த நினைப்பில் தில்லைநாயகத்துக்குக் குளம் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"கையையும் காலையும் சும்மா வைங்க. மேளத்துக்கு நானே நடந்துக்கிறேன்" என்றாள் சௌதாமினி. அவரும் மூட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டார். ஊர்வலம் நகர்ந்தது. பக்கத்தில் மட்டக்குதிரை மேல் வேலாண்டி. "அண்ணே, உங்களுக்குச் சிரமம்னா சொல்லுங்க. நானே முன்னால போய்க்கிறேன்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. நேரே பார்ப்பான், நேரே போவான், அதுதான் அவனிடம் இருந்த கோளாறு. பின்னால் சிங்கராஜாவின் பல்லக்கு. அதற்குப் பின்னால் நாக்கு வறண்ட மான்களும் முயல்களும் காலிக் குடங்களோடு வந்தன.

கடைசித் திருப்பத்தில் வாழைமரம் கட்டிய தோரணம் தெரிந்தது. குதிரை மேல் இருந்ததால் தோரணத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதும் தில்லைநாயகத்துக்குத் தெரிந்தது. பொட்டல், வெடித்த மண், நடுவில் ஒரு ரிப்பன்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அது தன்னுடைய கோப்பு, தன்னுடைய கையெழுத்து! நின்றால் நாற்காலி வேலாண்டிக்கு, மடு தனக்கு. போனால் பொட்டலைப் பார்த்த கையோடு ராஜா இங்கேயே தின்றுவிடுவார், முதலைக்குக்கூட மிச்சம் இருக்காது. போ என்று கால் அழுத்தியது. ஐயோ போகாதே என்று கை இழுத்தது.

சௌதாமினி கழுத்தை வளைத்தாள்.

கால்கள் எழுந்தன, இறங்கின. மேளக்காரர்கள் ஒரு நிமிஷம் தடுமாறி, பிறகு அந்தத் தாளத்துக்கே அடிக்க ஆரம்பித்தார்கள். பல்லக்கு நின்றது. கூட்டம் ஆவென்று பார்த்தது. தில்லைநாயகம் நடுங்க நடுங்க, நடை இன்னும் உயர்ந்தது.

வேலாண்டி மட்டும் நிற்கவில்லை. நேரே போனான். தோரணத்தைத் தாண்டினான்.

"மகாராஜா!" என்று அங்கிருந்தே கத்தினான். "இங்க குளமே இல்லீங்க! வெறும் பொட்டல்!"

மேளம் நின்றது. காலிக் குடங்கள் எல்லாம் சிங்கராஜாவின் பக்கம் திரும்பின. அவர் தோரணத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். முன்னால் போனால் பொட்டலில் ரிப்பன் வெட்ட வேண்டும். பின்னால் திரும்பினால் ராஜா திரும்பிவிட்டார் என்று பேச்சு வரும். அப்போதுதான் நடுவில் ஆடிக்கொண்டிருந்த குதிரை அவர் கண்ணில் பட்டது. வெகுநேரம் பார்த்தார்.

"குடிமக்களே!" என்று எழுந்தார். "இந்த நடையைப் பாருங்கள். நிற்கிறதா? இல்லை. நம்மைவிட்டு ஓடுகிறதா? அதுவும் இல்லை. நாமும் இப்படித்தான் குளத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறோம்!"

"தொண்டை காயுதுங்க மகாராஜா" என்றது ஒரு மான்.

"நடந்தால் காயத்தான் செய்யும். எல்லோரும் காலைத் தூக்குங்கள்!"

எல்லோரும் தூக்கினார்கள். நின்ற இடத்திலேயே அந்தக் காடு முழுவதும் குதித்தது. கிளம்பிய புழுதியைப் பார்த்து மழை வருகிறது என்று பக்கத்துக் காட்டில் காயப்போட்ட துணியை எடுத்தார்களாம்.

"நான் போவதற்கு முன்னால் அங்கே போனவன் எவன்?" என்று சிங்கராஜா மந்திரியைக் கேட்டார். மறுநாள் வேலாண்டிக்கு முதலைமடுவுக்கு உத்தரவு போனது. உத்தரவில் தலைமைக் கண்காணிப்பாளர் தில்லைநாயகம் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த ஒரு தாளில் மட்டும் 'எனினும்' எழுத அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு வேலாண்டியிடமிருந்து தபால் ஏதும் வரவில்லை.

வடிவாம்பாள் வீட்டில் ஈசல் இப்போது ஏழு பானை. "ஏங்க, குடிக்கத் தண்ணி?" என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள். "வந்துகிட்டே இருக்கு வடிவு" என்பார்.

ஒருநாள் சௌதாமினி அலுவலகத்துக்கே வந்தாள். டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே போனாள்.

"இப்பதான் பானை இருக்கே சார். ரெண்டாவது பாடம் ஆரம்பிச்சிடலாமா? முன்னால போறது."

தில்லைநாயகம் ஜன்னல் வழியாக முதலைமடு இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு அவள் கொண்டுவந்த படிவத்தை வாங்கி, பேனாவைத் திறந்து, நிதானமாக இரண்டு வரி எழுதினார்.

நீதி: குதிரையேற்றம் பழகுகிறவர்கள் முதல் பாடத்தோடு நிறுத்திக்கொள்ளவும். இரண்டாவது பாடத்தையும் படித்தவர்கள் குளம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிடுகிறார்கள்.