குடையில்லாமல் கடல் கீறப் போன கதை

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பின் மச்சான் அச்சிமுகம்மது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் வயலுக்கும் மாடுகளுக்கும் அல்லாஹ் சுகத்தையும் ஆபியத்தையும் கொடுப்பானாக. இங்கே நான் சுகம், மகள் நுஸ்ஹா சுகம், மருமகன் சுகம், கடலும் சுகம். கடலுக்குச் சுகம் கூடிப்போய், அது கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் வாட்சப்பில் அனுப்பிய குரலைக் கேட்டேன். நானும் குரலாகவே பதில் அனுப்பப் பார்த்தேன். வாயைத் திறந்தால் நுஸ்ஹா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்க்கிறாள். கடிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

"தங்கச்சிட படம் ஒண்டுமில்ல மச்சான். ஐடி கார்ட்டுல இருக்கிறது அவட மொகமே இல்ல. நீங்க சித்திர மாஸ்டர்தானே, ஒண்டு கீறித் தாங்களன்" என்று கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சித்திரம் படிப்பித்தவன் சொந்தப் பெண்சாதியைக் கீறி வைக்கவில்லை என்றால் யார் நம்புவார்? ஆனால் உங்கள் தங்கச்சி றாஹிலாவை உங்களுக்குத் தெரியாதா? போட்டோவுக்கும் நிற்கமாட்டாள், உயிருள்ளதைக் கீறவும் விடமாட்டாள். ஒருமுறை கடற்கரையில் படுத்திருந்த ஆடொன்றைக் கீறிவிட்டேன். "மறுமையில இதுக்கு உசிரக் குடு எண்டு கேட்டா என்ன செய்வீங்க?" என்றாள். ஆட்டை மணல்மேடாக்கிவிட்டுத்தான் அன்றைக்குத் தேத்தண்ணி குடித்தேன். என் படங்களைப் பார்க்கிறவர்கள் சாய்ந்தமருதில் மனிதர்களே இல்லையென்று நினைப்பார்கள்.

அவள் மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு நான் தூரிகையைத் தொடவில்லை. உங்கள் குரலைக் கேட்டுத்தான் பலகையைத் தூசி தட்டினேன். முதலில் கடலைக் கீறிக் கையைப் பழக்குவோம், பிறகு முகத்தைப் பார்ப்போம் என்று பின்னேரம் அசர் தொழுதுவிட்டுக் கரைக்குப் போனேன். இத்தனை வருடமும் நான் கீறுகிற நேரமெல்லாம் அவள் எனக்குப் பின்னால் கறுப்புக் குடையோடு நிற்பாள். வெள்ளைத் தாளில் வெயில் பட்டால் என் கண் கூசும் என்று அவளுக்குக் கவலை. எட்டிப் பார்க்க வருகிறவர்களை வாயாலேயே விரட்டுவாள். அந்தக் காவல் இல்லாமல் போய் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

போன கிழமை அரசாங்கக் கந்தோரில் இருந்து நிலம் அளக்கிற சேவையர் இரண்டு பேர் பலகையும் தாளுமாக வந்து, கடலரிப்புக்குக் கல்லணை போட இடம் பார்த்துவிட்டுப் போனார்களாம். இப்போது நானும் பலகையோடு உட்கார்ந்தால் சனம் சும்மா இருக்குமா? "சேவையருக்கு வடிவாக் கீற ஏலாதாம், அதான் நம்மட மாஸ்டரப் புடிச்சிருக்கானுகள்" என்று தோணிக்கார ஜவுபர் எல்லோருக்கும் விளக்கம் சொல்கிறார். நான் ஒன்றும் அறியாமல் அலை வந்து நனைக்கிற ஓரத்தை ஒரு கோடாகப் போட்டேன். கரையோரத்துக் கடைசி வீட்டு முனவ்வறா என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே, என்ட ஊடு கல்லுக்கு அங்கால போயிட்டே!" என்று தலையில் கை வைத்தாள். "புள்ள, இது கல்லில்ல, அலை" என்றேன். "அலைக்கு அங்கால எண்டா இன்னும் மோசமில்லயா மாஸ்டர்?" என்று அழத் தொடங்கிவிட்டாள். சுனாமியில் ஒரு வீட்டைக் கொடுத்தவள். எனக்கு மனம் கேட்கவில்லை, ரப்பரை எடுத்து அழித்து அலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக் கொடுத்தேன். வினை அதோடு பிடித்தது. மறுநாள் நான் போகுமுன்பே சனம் கூடிவிட்டது. ஒருவர் இனிப்பு வட்டிலப்பத்தோடு நிற்கிறார், ஒருவர் வீட்டு உறுதிப் பத்திரத்தோடு நிற்கிறார், ஜவுபர் தோணியைத் தள்ளிக்கொண்டு வந்து என் கண்ணுக்கு நேரே நிறுத்தி, "இதையும் உள்ளுக்கு எடுங்க மாஸ்டர்" என்கிறார். கடல் எதுவரை வரலாம் என்று என்னிடம் மனுக் கொடுக்கிறார்கள் மச்சான்! யாருக்கென்று முடியாது என்பேன்? ஒவ்வொருவருக்காகவும் அழித்து அழித்து, கடைசியில் தாளில் கடலுக்கு இடமே மிஞ்சவில்லை.

வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்த என்னை முனவ்வறா பார்த்தாள். "றாஹிலா றாத்தா இருந்தா உங்கள இப்பிடி வெயில்ல உட்டிருப்பாவா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அந்தச் சனத்துக்கு நடுவில் நான் விம்மி விம்மி அழுதேன். மாஸ்டரே அழுகிறார் என்றால் கல்லணை வராது என்று முடிவு கட்டி எல்லோரும் வாடிப்போய்க் கலைந்தார்கள். வட்டிலப்பத்தையும் திரும்பக் கொண்டுபோய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அவளின் முகத்தைக் கீறிப் பார்த்தேன். அவள் என்னை மன்னிக்கட்டும். கண் வருகிறது, வாய் வருகிறது, சேர்த்துப் பார்த்தால் வேறு யாரோ. யோசித்தால், அவளை முன்னால் வைத்துப் பார்த்ததை விட முதுகுக்குப் பின்னால் வைத்திருந்ததுதான் அதிகம்.

ஆகவே மச்சான், படம் கேட்காதீர்கள். இனி நான் கீறமாட்டேன், இது முடிவு. பலகை இப்போது தண்ணீர்ப் பீப்பாவுக்கு மூடி. வருகிற கிழமை வரிப்பத்தான்சேனைக்கு வந்து உங்களோடேயே இருந்துவிடுகிறேன், வயலில் குருவி விரட்டவாவது உதவுவேன். "மாமாட ஊருல கடல் இல்லயே வாப்பா, என்ன செய்வீங்க?" என்று நுஸ்ஹா கேட்டாள். கடலைக் கண்டது போதும் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் வெள்ளாமையில் பறக்கத்து இறங்கட்டும். மச்சிக்கு என் சலாம். நம் றாஹிலாவின் கப்றை அல்லாஹ் விசாலமாக்கிக் குளிர்ச்சியாக்கி வைப்பானாக, ஆமீன்.

இங்ஙனம்,
உங்கள் மச்சான்
முபாறக் மாஸ்டர்

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் பழைய படங்களைக் கட்டி வைக்கலாமென்று எடுத்தேன். எல்லாவற்றிலும் கீழ் மூலையில் மணலில் ஒரு நிழல் கிடக்கிறது. அசருக்குப் பிறகு வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்து வருமல்லவா, குடையும் அவளும் நிழலாக என் முன்னால் விழுந்திருக்கிறார்கள். கண்டதைக் கீறுகிறவன், அதையும் கீறியிருக்கிறேன். அவளுக்கும் தெரியும். "நெழலுக்குக் கண்ணுமில்ல, மூக்குமில்ல, கெடக்கட்டும்" என்று ஒருநாள் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் கடல் என்று சொல்லுங்கள். ஒரு காலில் பாரம் போட்டுச் சாய்ந்து நிற்கிற அந்த நிற்பு யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், நான் வரவில்லை. போன பெருநாளைக்கு வந்தபோது அந்தக் கறுப்புக் குடையை அவள் உங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தாள். உங்கள் மகன் அப்ராஸ் இந்தப் பக்கம் வந்தால் அவனிடம் கொடுத்தனுப்புங்கள். பிடிக்க ஆளில்லை, எனக்குப் பின்னால் மணலில் குத்தி வைத்துக்கொள்வேன்.