சதுப்பு நிலத்துக்கு வந்த கூட்டம்

காலையிலிருந்து சதுப்பு நிலத்துக்கு வந்தது ஒரே ஒரு எருமை. அதுவும் உள்ளூர் எருமை. வெளியூரிலிருந்து வந்திருந்தாலாவது கணக்கில் சேர்க்க வழி உண்டா என்று சதவீதம் யோசித்துப் பார்த்திருப்பான்.

அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது அவன் அக்கா. பரீட்சை எப்படி எழுதினாய் என்று சின்ன வயதில் யார் கேட்டாலும், "எண்பது சதவீதம் பரவாயில்லை" என்பான். அப்படிப்பட்டவன் திட்ட அலுவலகத்தில் மதிப்பீட்டாளர் ஆகாமல் வேறு என்ன ஆவான்? ஊருக்கு வெளியே கிடக்கிற சதுப்பு நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட பொது நிலமாக அறிவிக்கலாமா என்று அரசு யோசித்துக்கொண்டிருந்தது. அறிவித்தால் ஊருக்கு என்ன ஆதாயம் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு. இப்போது எத்தனை பேர் வருகிறார்கள், என்ன செலவழிக்கிறார்கள் என்று பார்த்து, அது பிறகு எத்தனை மடங்காகும் என்று போட வேண்டும். மடங்கு போடுவதில் அவன் கில்லாடி. ஆனால் எருமையை எத்தனை மடங்காக்கினாலும் அது காபி குடிக்காது, அறை எடுத்துத் தங்காது.

இது வெறும் ஆபீஸ் வேலையாக இருந்திருந்தால் அவன் இவ்வளவு தவித்திருக்க மாட்டான். ஊரில் இருந்த ஒரே லாட்ஜ் அக்காவுடையது. அறையெல்லாம் காலி. அதை வாங்கிக்கொள்ள அத்தான் ஒரு உர வியாபாரியைப் பிடித்து வைத்திருந்தார். மாதக் கடைசியில் கையெழுத்தானால் லாட்ஜ், மூட்டை அடுக்கும் குடோனாகிவிடும். அத்தான் இதைப் பற்றி யாரிடமும் விவாதிக்கவில்லை. அவர் எதைப் பற்றியுமே விவாதிப்பதில்லை. வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சாவிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். கேள்வி கேட்டால் தலையசைப்பு. ரொம்ப அவசரமென்றால் "உம்".

அக்கா அப்படி இல்லை. "நீ என்ன எழுதப்போறியோ அதுலதான்டா இருக்கு. ஆள் வரும்னா நான் விக்க மாட்டேன். வராதுன்னா இப்பவே சொல்லிடு, ஒரு மூச்சு அழுது முடிச்சிடறேன்" என்றாள்.

ஆள் வராததற்குத் தன் தோற்றம்தான் காரணம் என்று சதவீதம் முடிவு செய்தான். மடிப்புக் கலையாத சட்டையும் கையில் படிவமுமாக ஒருத்தன் நின்றால் எவன் கிட்டே வருவான்? போதாக்குறைக்கு, கணக்கெடுப்பவர் தான் யார் என்று வாய் திறக்கவே கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி. தெரிந்துவிட்டால் கஞ்சன் வள்ளல் மாதிரி பதில் சொல்வான், ஊதாரி பெண்டாட்டிக்குப் பயந்து குறைத்துச் சொல்வான். அதனால் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தொப்பி வாங்கினான். தொலைநோக்கி ஒன்றும் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். படிவத்தை மடித்து உள்பையில் ஒளித்தான்.

என்ன அதிசயம், அன்றைக்கே ஒரு அம்மாள் வந்தார். அவரும் தொப்பி, தொலைநோக்கி சகிதம்தான். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"சும்மா சுத்திப் பார்க்க வந்தேன். உங்களுக்கு இங்கே சாப்பாட்டுக்கெல்லாம் என்ன செலவாகுது?"

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்க வேண்டிய கேள்வி தானாக வந்து மடியில் விழுகிறது. உல்லாசப் பயணி என்றால் கொஞ்சம் கெத்தாக இருக்க வேண்டாமா? கூட்டியே சொன்னான். அந்த அம்மாளும் சளைக்காமல் அதைவிடக் கூட்டிச் சொன்னார். மறப்பதற்குள் எழுத வேண்டுமே என்று லாட்ஜுக்கு ஓடி, வராந்தாக் கோடியில் இருந்த கழிப்பறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டு எழுதினான். கதவைத் திறந்தால் வெளியே அதே அம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

அதற்குப் பிறகு ஆட்கள் வந்த வேகம் இருக்கிறதே, அப்பப்பா. ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததைவிடக் கடைகளைப் பார்த்ததுதான் அதிகம். தாடி வைத்த மூன்று இளைஞர்கள் வந்தார்கள். கைத்தடியுடன் ஒரு பெரியவர் வந்தார். அவர் தொப்பியில் விலைச்சீட்டுகூட இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே கொக்குக் கூட்டமே பறந்து போனபோதும் ஒருவரும் நிமிரவில்லை. எல்லாரும் எல்லாரிடமும் அன்பாகப் பேசினார்கள், அறைக்கு எவ்வளவு, சைக்கிளுக்கு எவ்வளவு என்று. செலவைப் பற்றி இப்படி மனம் திறந்து பேசும் ஜனங்களைச் சதவீதம் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

ஒரே ஒரு கஷ்டம்தான். கழிப்பறைக்கு எப்போதும் வரிசை நின்றது. இரண்டு பேர் ஐந்து நிமிஷம் பேசினால் போதும், இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். தண்ணீரில்தான் கோளாறு என்று சதவீதம் பயந்து, அக்காவிடம் சொல்லிக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் செய்தான். இதமாக இருக்கிறதென்று எல்லாரும் இரண்டு பங்கு குடித்தார்கள். வரிசை தெருவரைக்கும் நீண்டது. அக்கா கொத்தனாரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு கழிப்பறை கட்டச் சொன்னாள். "கட்டட வேலைவாய்ப்பு" என்று சதவீதம் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டான். சுண்ணாம்பு காய்வதற்குள் அவையும் உள்ளே தாழிடப்பட்டன.

அறைகள் நிரம்பிவிட்டன. அவன் அறையைத் தம்பதிக்குக் கொடுத்துவிட்டு அக்கா அவனைச் சாமான் அறையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்தாள். சாப்பாட்டுக் கூடத்தை மறித்து மேலும் அறைகள் ஆக்கினாள். வண்டி நிறையப் புது மெத்தை வந்து இறங்கியது. தொப்பிக் கடைக்காரர் சரக்குத் தீர்ந்துபோய் வெளியூருக்கு ஆள் அனுப்பினார். முடிவெட்டுகிறவர் கத்திரியை வைத்துவிட்டுச் சைக்கிள் வாடகைக்கு விட ஆரம்பித்தார். மெத்தை இறங்கிய அன்றைக்குச் சாயங்காலமே உர வியாபாரி வந்தபோது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டாள். அத்தான் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாவியைத் துடைத்தார்.

அப்போதுதான் சதவீதத்துக்கு உறைத்தது. தன்னை நம்பித்தானே அக்கா இவ்வளவும் செய்கிறாள்? எதற்கும் இன்னொரு தடவை சரிபார்ப்போம் என்று மளிகைக் கடைக்காரரிடம் போய் வியாபாரம் எப்படி என்று விசாரித்தான்.

"ஓகோன்னு போகுது. வர்றவங்க அத்தனை பேரும் இதையேதான் தம்பி கேக்கறாங்க. என் பொண்டாட்டிகூட இவ்வளவு அக்கறையா கேட்டதில்ல" என்று அவர் கண் கலங்கினார்.

அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டான். கடைசிப் பக்கத்தில் வந்த தொகையை நம்ப முடியாமல் அவனே இரண்டு தடவை கூட்டிப் பார்த்திருந்தான். மறுநாளே அதிகாரி போனில் கூப்பிட்டார். திட்டு விழப்போகிறது என்று எழுந்து நின்று கேட்டான். திட்டு விழவில்லை. சுற்றுலாத் துறை, நீர்த் துறை, பல்கலைக்கழகம், வங்கி என்று தனித்தனியாக வந்த அறிக்கைகள் எல்லாம் அச்சு அசலாக இவன் சொன்னதையே சொல்கின்றன, இப்படி ஒரு ஒற்றுமையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று அதிகாரி புகழ்ந்து தள்ளினார். சதவீதம் கால் தரையில் படாமல் நடந்தான். சதுப்பு நிலம் பாதுகாக்கப்பட்ட நிலமென்று அறிவிப்பு வந்த அன்று, கடைத்தெருவே அவனைத் தோளில் தூக்காத குறைதான். அக்கா அவன் கன்னத்தைக் கிள்ளி, "நூறு சதவீதம்டா நீ" என்றாள்.

மறுநாள் காலை அவன் எழுந்து வந்தபோது லாட்ஜில் சத்தமே இல்லை. கழிப்பறைக் கதவுகள் மூன்றும் விரியத் திறந்து கிடந்தன. அறைகளில் மடித்த போர்வைகளைத் தவிர ஒன்றும் இல்லை. தொப்பி அம்மாள் இல்லை, தம்பதி இல்லை, தாடிகள் இல்லை, கைத்தடிகூட இல்லை. அவன் சதுப்பு நிலத்துக்கு ஓடினான். அங்கே பழைய எருமை சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? அவள் சந்தைக்குப் போயிருந்தாள், இன்னும் பத்து மெத்தை சொல்வதற்கு. உர வியாபாரியும் வேறு இடம் பிடித்துவிட்டார். சதவீதம் வரவேற்பு மேஜையில் போய்ச் சாய்ந்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத்தான், எல்லாரும் போயிட்டாங்க. என் கணக்கை நம்பி அக்கா மோசம் போயிட்டா. நீங்க ஆளைப் பிடிச்சப்பவே வித்திருக்கணும்."

அத்தான் கையிலிருந்த சாவியை ஊதித் துடைத்து, ஆணியில் மாட்டினார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டிராத அளவுக்கு நீளமாகப் பேசினார்.

"ஆபீஸ் பேர்ல பில்லு கேட்டப்பதான் தெரிஞ்சுது மாப்ளே, அத்தனை பேரும் உன்னை மாதிரி கணக்கெடுக்க வந்தவங்கதான், இனிமே அறிவிச்சதால என்ன லாபம்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து எண்ணணுமாம், ரூமெல்லாம் இப்பவே சொல்லி வச்சுட்டுப் போயிட்டாங்க, உனக்குத்தான் இடமில்ல."