களனியில் கண்ட பறவை

"இப்ப உடுப்புக் காயப்போட மேல வர வேண்டாம்," என்று றேணுகா போனுக்குள் கிசுகிசுத்தாள்.

"ஏன்? மழை விட்டிட்டுதே," என்றான் ரொஷான். அவள் கணவன் ஈர உடுப்பு வாளியோடு கீழே லிஃப்ட் வாசலில் நின்றான்.

"இங்க ஒரு பறவை இருக்குது."

"காகமா?"

"காகத்துக்கு நான் முழங்காலில நிப்பனா?"

உண்மையாகவே முழங்காலில்தான் நின்றாள். வெள்ளவத்தைக் கடற்கரை ரயில் பாதையைப் பார்த்தபடி நிற்கும் அவர்களுடைய ஃப்ளாட்டின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால். கொஞ்சம் தள்ளி, கடல் பக்கத்து மதில் விளிம்பில் அது இருந்தது. புறாவைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை உடம்பு. மை தீட்டினது போன்ற கண். உடம்பைவிட நீளமான இரண்டு வால் இறகுகள் காற்றில் வெள்ளை நூல்களாக ஆடிக்கொண்டிருந்தன. ட்ரொபிக்பேர்ட். நடுக்கடலையே வீடாகக் கொண்ட பறவை. முட்டையிடுகிற காலத்தைத் தவிர தரைப்பக்கம் வராது. முதல்நாள் அடித்த காற்று அதைத் தூக்கிவந்து இவள் வீட்டுக் கூரையில் வைத்துவிட்டுப் போயிருந்தது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பறவை பார்க்கிறவள் றேணுகா. இதைப் புத்தகத்தில் மட்டும்தான் கண்டிருக்கிறாள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று அதையும் பிடித்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் பிழை ஏற்கெனவே நடந்துவிட்டது. கண்ட சந்தோஷத்தில் ஒரு படம் எடுத்து, 'கொழும்புக் குருவிச் செய்தி' வட்ஸ்அப் குழுவுக்குள் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் வனவிலங்குத் திணைக்களத்தில் தெரிந்த ஒருவருக்கு அழைத்தாள்.

"களைச்சுப் போயிருக்கும், மிஸ்," என்றார் அவர். "கிட்டப் போகாதேங்கோ, ஆக்களைச் சேர்க்காதேங்கோ. வெருண்டு உள்பக்கம் தரையில விழுந்தால் அதால எழும்பிப் பறக்க ஏலாது. அதின்ர கால் நடக்கிற கால் இல்லை. ஆறட்டும். காத்துக் குறைய அதுவே போயிடும்."

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் குழு கொதித்துக்கொண்டிருந்தது. எங்க? எங்க மிஸ்? லொகேஷன் போடுங்கோ. குழுத் தலைவர் ஜொனாதன் ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். முழங்கை நீளக் கமராவும் ஒரு வேனும் வைத்திருப்பவர். அவர் எழுதியிருந்தார்: "சப்பாத்துப் போட்டிட்டன். இடத்தைச் சொல்லுங்கோ."

அபூர்வப் பறவையைக் கண்டவர் இடத்தை மறைப்பது அந்தக் குழுவில் பெரிய பாவம். அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்ததே றேணுகாதான். நுகேகொடையில் ஆந்தை ஒன்றைக் கண்ட இடத்தை ஒளித்த ஒருவருக்கு அவள் எழுதிய நீண்ட அறிவுரையை இன்னமும் ஆட்கள் எடுத்துக் காட்டுவார்கள். இப்போது 'சொல்லமாட்டேன்' என்று எந்த முகத்தோடு எழுதுவது? சொன்னாலோ, பௌர்ணமிப் போயா லீவுநாள், கொழும்பில் கமரா வைத்திருக்கிற அத்தனை பேரும் படியேறி வருவார்கள்.

'களனி. பாலத்துச் சுவரில்,' என்று கடலுக்குத் தூரமான ஓர் ஆற்றங்கரையை எழுதி அனுப்பினாள்.

பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. விபத்து நடந்ததென்று எழுதி வருகிறவர்களில் பொய் சொல்கிறவர் யார் என்று மோப்பம் பிடிப்பதுதான் அந்த வேலை. தன் பொய் இவ்வளவு சுளுவாக வந்தது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. குழுவில் ஒரு நாளும் வாய் திறக்காத கொட்டாஞ்சேனை டெரிக், துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கிற அமைதியான மனிதர், எழுதியிருந்தார்: "ஓம். நானும் கண்டனான். களனிதான். நல்ல வடிவாத் தெரியுது."

றேணுகா பறவையைப் பார்த்தாள். பறவை கடலைப் பார்த்தது.

"ரொஷான், ஒருத்தர் தானும் களனியில கண்டதெண்டு எழுதுறார்," என்று மறுபடி போனுக்குள் கிசுகிசுத்தாள்.

"அப்ப களனியிலயும் இருக்குதாக்கும்."

"நான் பொய்யுக்குச் சொன்ன இடம் அது."

"பொய்யுக்குச் சாட்சி கிடைச்சால் நல்லதுதானே?"

அவளுக்கு அது நல்லதாகப் படவில்லை. இல்லாத விபத்துக்குச் சாட்சி சொல்ல வருகிற ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இந்த டெரிக்கும் அந்த வகைதான் என்று மனதுக்குள் முத்திரை குத்தினாள். நாலு பேர் முன்னால் பேர் வாங்குவதற்காக இப்படியும் ஒரு மனிதன் புளுகுவானா?

சாட்சி கிடைத்ததும் குழு முழுவதும் களனிக்குப் புறப்பட்டது. போயா நாளில் களனி விகாரைக்கு வந்த சனத்துக்குள்ளே கமராக் கூட்டம் போய்ச் சேர்ந்தது. பாலத்தில் ஒரு வரிசை ஆட்கள் ஆற்றை எட்டிப் பார்ப்பதைக் கண்டு, விகாரைக்கு வந்தவர்களும் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

ஜொனாதனின் குரல் பதிவு வந்தது. "மிஸ், பறவையைக் காணேல்லை. ஆனா பொலிஸ் வந்திட்டுது. ஆத்துக்குள்ள ஆரோ விழுந்திட்டினமாம் எண்டு நினைச்சு வள்ளம் இறக்கப் போகினம். நான் பறவை எண்டு சிங்களத்தில 'குருல்லா, குருல்லா' எண்டு சொல்லிப் பாத்தன். ஒருத்தரும் நம்பேல்லை."

இல்லாத பறவைக்காக வள்ளமா? றேணுகா அவசரமாக எழுதினாள்: 'களனியை விட்டுப் பறந்திட்டுதாம். கடற்கரையோரமாகத் தெற்கே போகுதாம். எல்லாரும் வீட்டுக்குப் போங்கோ.'

கடைசி வசனத்தை ஒருவரும் வாசிக்கவில்லை.

"தெற்கே எண்டால் வெள்ளவத்தையைத் தாண்டித்தானே போகவேணும்," என்றார் ஜொனாதன், இம்முறை நேரே அழைத்து. "கடற்கரையில உங்கட ஃப்ளாட்தான் உயரம். நாங்கள் வெளிக்கிட்டம். டெரிக் வீட்டுக்குத் திரும்பிட்டாராம், போற வழியில கொட்டாஞ்சேனையில அவரையும் ஏத்துறன். கண்ட மனிசன் பக்கத்தில இருந்தால் நல்லது."

"லிஃப்ட் பழுது, சேர்."

"படியால ஏறுவம்."

"தண்ணித் தாங்கி கழுவுகினம்."

"நாங்கள் தாங்கிக்குள்ள இறங்க மாட்டம், மிஸ்."

படியிறங்கி ரொஷானிடம் ஓடினாள். தன்னை மேலே விட்டு மொட்டைமாடிக் கதவை வெளியிலிருந்து பூட்டச் சொன்னாள். அவன் பூட்டினான். பிறகு கீழே போய், வந்த கூட்டத்தைத் தடுக்கும் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டான். "றேணுகா மேல இல்லை," என்றான். மேலே வேறு யார் இருக்கிறார் என்று ஒருவர் கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதன், "பறவை மட்டும்தான்," என்று சொல்லிவிட்டான்.

படியில் காலடிச் சத்தம் கேட்டதும் றேணுகா எழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பறவைக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள். ரொஷான் தலை குனிந்தபடி பூட்டைத் திறந்தான். முதலில் ஜொனாதன், பின்னால் மூச்சு வாங்க மற்றவர்கள். பேச வாய் திறந்த ஜொனாதன், அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றார்.

ஒருவரும் கமராவைத் தூக்கவில்லை. ஒரு பெண் மட்டும் மெல்லச் செருப்பைக் கழற்றினாள், ஏனென்று அவளுக்கே தெரிந்திருக்காது. காற்று விழுந்திருந்தது. மேகம் ஓரிடத்தில் கிழிந்து, வெயில் கடலில் ஒரு நீண்ட பட்டையாக விழுந்தது. பறவை தலையைத் திருப்பி இத்தனை மனிதர்களையும் ஒருமுறை பார்த்தது. பிறகு வயிற்றால் ஊர்ந்து, விளிம்புக்கு வந்து, கல் மாதிரிக் கீழே விழுந்தது.

றேணுகா கண்ணை மூடிக்கொண்டாள். ரொஷான் அவள் கையை இறுக்கினான். "பாரும்," என்றான்.

தண்டவாளத்துக்கு மேலே, அலை நுரைக்கு மேலே, அது சிறகை விரித்து எழும்பிக்கொண்டிருந்தது. வெயில் பட்ட இடத்தில் அந்த வெள்ளைக்குப் பேர் சொல்ல ஒரு நிறமும் இல்லை. வால் இரண்டும் பின்னால் நீண்டு வர, ஒருமுறை கட்டடத்தைச் சுற்றி வந்தது. பிறகு மேற்கே திரும்பியது. கடலும் வானமும் ஒன்றாகிற இடத்தில் ஒரு புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. ஜொனாதன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு அவர் கேட்டார். "தொடக்கத்திலிருந்தே இஞ்சதான் இருந்ததா, மிஸ்?"

"ஓம், சேர். களனி எண்டது பொய். ஆக்கள் வந்தால் வெருண்டு விழுந்திடும் எண்டு பயந்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஜொனாதன் தலையை ஆட்டினார். கோபிக்கிற நிலையில் அவர் இல்லை. ஆனால் மனேஜராக இருந்தவர். கணக்கில் ஏதோ இடித்தது. மெல்லத் திரும்பினார். மற்றவர்களும் திரும்பினார்கள். கதவோரமாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு டெரிக் நின்றார்.

"அப்ப நீங்கள் களனியில எதைக் கண்டனீங்கள், டெரிக்?"

டெரிக் கடலைப் பார்த்தார். பிறகு றேணுகாவைப் பார்த்து, வெட்கத்தோடு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இதே மாதிரி இன்னொண்டு எங்கட கொட்டாஞ்சேனை மொட்டைமாடியில நித்திரை கொள்ளுது, மிஸ், அதை ஆரும் வந்து எழுப்பிப் போடக்கூடாது எண்டுதான் நானும் களனி எண்டு போட்டனான்."