மருமகள் என்மேல் கொடுத்த புகார்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி பாக் மர்சூடி அவர்களுக்கும் சம்பந்தியம்மா அவர்களுக்கும், கராங்வுனியிலிருந்து சுவோந்தோ பணிவோடும் கொஞ்சம் கர்வத்தோடும் எழுதும் கடிதம்.

இறைவன் அருளால் இங்கே நானும், என் மனைவி சுமியாவும், மகன் ஹெருவும், உங்கள் அருமை மகள் பலுப்பியும், பேரனும் சுகமாக இருக்கிறோம். அங்கே லாம்புங்கில் உங்கள் முழங்கால் வலி குறைந்து, சம்பந்தியம்மாவின் கண் சிகிச்சையும் நல்லபடியாக முடிந்து, மிளகுக் கொடிகளும் மழைக்கு அழுகாமல் தப்பித்திருக்கும் என்று நம்புகிறேன். "மாமனாருக்கும் மருமகளுக்கும் தகராறு, விவகாரம் விசாரணை வரைக்கும் போயிடுச்சு" என்று யாரோ உங்கள் காதில் போட்டிருப்பதாக அறிந்தேன். விசாரணை வரைக்கும் போனது உண்மைதான். ஆனால் தகராறு எதுவும் இல்லை. தொலைபேசியில் விளக்கலாம் என்றால் சுமியா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவாள். ஆகவேதான் அவள் சந்தைக்குப் போயிருக்கும் வேளையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத் தலைவர் தேர்தலில் இந்த முறை இரண்டே பேர் போட்டி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எண் ஒன்று, பதவியில் இருக்கும் துணைத் தலைவர் பாக் ஜோயோ. எண் இரண்டு, அரிசி ஆலை நடத்தும் இபு கிந்தாரி. நான் ரயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன், யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, ஆகவே முதல் நாளிலிருந்தே எண் இரண்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பலுப்பி தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை, ஹெரு சுகாதார நிலையத்துச் செவிலியன், இருவரும் அரசு ஊழியர்கள். அவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது மட்டுமல்ல, புகைப்படத்தில் விரலைக் காட்டுவதும் குற்றம். கட்டை விரல் காட்டினாலும் ஒன்று என்று எண்ணிவிடுகிறார்கள். அதனால் பள்ளியின் குழுப் படத்தில் ஆசிரியைகள் எல்லாரும் முஷ்டியை மடக்கி நின்றார்கள். பார்க்கக் குத்துச்சண்டைக்குக் கிளம்பியவர்கள் மாதிரி இருந்தது.

இந்த நிலையில் கல்வி அலுவலகத் தலைவர் பாக் விக்னோ எல்லாத் தலைமை ஆசிரியர்களையும் கூப்பிட்டு, தேநீரும் வாழைப்பழ வறுவலும் கொடுத்து, ஆளுக்கொரு மூட்டை கத்தரிப்பூ நிறத் துணியைக் கையில் வைத்தாராம். ஆசிரியர்களுக்குப் புதுச் சீருடையாம். எண் ஒன்றின் சுவரொட்டி முழுக்க அதே கத்தரிப்பூ நிறம்தான், அது தற்செயல் என்றாராம். கூடவே காலையில் பிள்ளைகளுக்குப் புது உடற்பயிற்சி வேறு: இடுப்பை வளைத்து, ஒரு காலைத் தூக்கி, கடைசியில் ஒற்றை விரலை வானத்தை நோக்கி நீட்டி "ஒன்று!" என்று கத்த வேண்டும். நான் அங்கே இல்லை. ஆனால் பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியை இபு தார்மி இருந்தார், அவர் சுமியாவிடம் மீன் கடை முன்னால் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எல்லாரும் தலையைக் குனிந்து பழ வறுவலைப் பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் மகள் மட்டும் கையைத் தூக்கியிருக்கிறாள்.

"பாக், இந்தக் கடைசி அசைவு எதுக்கு?"

"வெறும் உடற்பயிற்சிம்மா. விரல நீட்டினா தோள்பட்டைக்கு நல்லது."

"அப்போ அஞ்சு விரலையும் நீட்டச் சொல்லலாமே. ஒரு விரலுக்கு மட்டும் ஏன் இவ்ளோ சத்து?"

யாருக்கோ பழ வறுவல் புரையேறிவிட்டதாம். பாக் விக்னோ சிரிக்கவில்லை. "மலை மேல ஒரு பள்ளிக்கூடம் தலைமை ஆசிரியை இல்லாம காலியாக் கிடக்கு. உங்களுக்குத் தெரியுமில்ல, இபு பலுப்பி?" என்றாராம்.

"தெரியும் பாக். அங்கயும் பிள்ளைங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்."

சம்பந்தி, மலைப் பள்ளி என்றால் இரண்டு பேருந்து மாறி, மிச்சத்தை நடந்து போக வேண்டிய இடம். பேரனுக்கு இன்னும் பால் பல்லே விழவில்லை. அதையெல்லாம் யோசிக்காதவளா அவள்? யோசித்துவிட்டுத்தான் துணி மூட்டையை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மறுநாள் அவள் பள்ளியில் பிள்ளைகள் அஞ்சு விரலையும் விரித்து உடற்பயிற்சி செய்ததை வேலிக்கு வெளியே நின்று நானே பார்த்தேன். நேராகக் காப்பிக் கடைக்குப் போய், "என் மருமக நம்ம பக்கம்!" என்று எல்லார் முன்னாலும் அறிவித்தேன்.

"அவங்க அப்படிச் சொன்னாங்களா?" என்று கடைக்காரர் ஜுமாடி கேட்டார்.

"சொல்லணுமாய்யா? ஒண்ணு வேணாம்னா மிச்சம் எது?"

"சைபர் இருக்கே," என்றார் அவர். படிக்காத மனிதர் என்று விட்டுவிட்டேன்.

இங்கேதான் என் பங்கு ஆரம்பிக்கிறது. வெயில் காலத்திலேயே பள்ளியின் தண்ணீர் பம்பு கெட்டுப்போய், பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். பலுப்பி சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதைச் சொல்லி வருத்தப்படுவாள். நான் எண் இரண்டின் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொன்னேன், உடனே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. அதன் வயிறு முழுக்க இபு கிந்தாரியின் சிரித்த முகம், பக்கத்தில் இரண்டு விரல். அதைச் சிறு லாரியில் ஏற்றி, முன்னால் நானும் ஏறி நின்று, ஹாரனை அடித்துக்கொண்டே இடைவேளை நேரத்தில் பள்ளிக்குள் நுழைந்தோம். பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை பேர் என்னைப் பார்த்துக் கைதட்டி வெகுகாலம் ஆயிற்று, சம்பந்தி. ரயில் வந்தால்கூட யாரும் நிலைய அதிபருக்குக் கைதட்டுவதில்லை. உற்சாகத்தில் நான் இரண்டு விரலைத் தூக்கி, "எத்தனை?" என்று கேட்டேன். "ரெண்டு!" என்று பள்ளிக்கூடமே அதிர்ந்தது. அலுவலக அறையிலிருந்து பலுப்பி வெளியே வந்தாள்.

"அப்பா, கீழ இறங்குங்க."

"தண்ணி வேணும்னு நீதானேம்மா சொன்ன?"

"தண்ணிதான் கேட்டேன். மூஞ்சி கேக்கல."

லாரி ஓட்டுநர் நல்ல மனிதர். "மூஞ்சிய சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிடலாம்மா," என்றார். பலுப்பி கோபப்படவில்லை. எங்களோடு லாரியில் வந்த கட்சி ஆளைப் பார்த்து, "தேர்தல் முடிஞ்ச மறுநாள் கொண்டு வாங்க. நானே வாசல்ல நின்னு கதவத் திறந்து விடுறேன்," என்றாள். அந்த ஆள் நிஜமாகவே புரியாமல் விழித்தார். "மறுநாள் எதுக்குங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்ட பிறகு எனக்கே லாரி மேல் நிற்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதற்குள் அவள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டாள். தொட்டி, முகம், விரல், என் விரல், எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது.

அன்று சாயந்திரம் அவளே எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். "நாளைக்குத் தேர்தல் கண்காணிப்பு ஆபீஸுக்குப் போறேன்பா. ரெண்டு புகார் குடுக்கணும். ஒண்ணு பாக் விக்னோ மேல."

"சபாஷ்! இன்னொண்ணு?"

"டீ ஆறுது, குடிங்க."

ஹெருவுக்குத்தான் முதலில் புரிந்தது. "பலுப்பி, அவர் என் அப்பா!" என்று எழுந்துவிட்டான்.

"அதனாலதாங்க. விக்னோ மேல மட்டும் குடுத்தா, மாமனார் கட்சிக்காகக் குடுத்தான்னுதான் ஊரே சொல்லும். இவரும் காப்பிக் கடையில அதத்தானே சொல்லிக்கிட்டிருக்கார்."

நான் சுமியாவைப் பார்த்தேன். கட்டிய மனைவி ஆயிற்றே, ஒரு வார்த்தை பரிந்து பேசுவாள் என்று நினைத்தேன். அவளோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவர் மேல புகார் குடுக்க ஒரு ஆபீஸ் இருக்குன்னு இத்தனை வருஷமா எனக்கு யாருமே சொல்லலியே!" என்றாள். அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

விசாரணைக்கு நல்ல பாத்திக் சட்டையும் கறுப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு போனேன். என் பேரனைவிட இரண்டு மடங்குகூட வயதிருக்காது என்று தோன்றிய ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நான் விரல் காட்டியது கடையில் இரண்டு தேநீர் சொல்வதற்காக என்று சொல்லிவிடும்படி ஹெரு வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் ஏது தேநீர்க் கடை என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. முதலில் பலுப்பியைக் கேட்டார்கள்.

"இந்தப் படத்துல இருக்கிறவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் வீட்டுக்காரரோட அப்பா."

"இத வீட்டுக்குள்ளயே பேசித் தீர்த்திருக்கலாமே, இபு?"

"வீட்டுல நடந்திருந்தா வீட்டுல தீர்த்திருப்பேன். நடந்தது பள்ளிக்கூடத்துல. அங்க எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் இருக்காங்க. ஒண்ணுக்கு ஓட்டுப் போடுற வீட்டுப் பிள்ளையையும் இவர் ரெண்டுன்னு கத்த வச்சார்."

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். சம்பந்தி, அந்த நிமிடம் என் நெஞ்சில் என்ன நடந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. இந்தப் பெண்ணையா நாங்கள் பெண் பார்க்க வந்த அன்று "ரொம்ப அமைதி, வாயே திறக்க மாட்டா" என்று நீங்கள் சொன்னீர்கள்? தேநீர்க் கதையை அப்படியே விழுங்கிவிட்டேன். "நான்தான் ஏறி நின்னேன், நான்தான் விரல் காட்டினேன், பிள்ளைகளைக் கத்த வச்சதும் நான்தான். என் மருமக சொல்றது அத்தனையும் நிஜம்," என்று எழுந்து நின்று சொன்னேன். உட்கார்ந்தே சொல்லலாம் என்றார்கள். நான் நின்றுதான் சொன்னேன். தேர்தல் முடியும்வரை பள்ளி வாசலை மிதிக்கக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

பாக் விக்னோ எல்லாவற்றையும் மறுத்துவிட்டார். துணியா, எந்தத் துணி என்று கேட்டாராம். சாட்சிக்கு வர எந்தத் தலைமை ஆசிரியருக்கும் தைரியமில்லை, எல்லாருக்கும் மலைப் பள்ளி கண் முன்னால் நின்றது. பலுப்பியின் மாற்றல் உத்தரவு தட்டச்சாகிவிட்டது என்றுகூட ஹெருவுக்குச் செய்தி வந்து, அவன் பேருந்து நேரம் விசாரிக்கத் தொடங்கிவிட்டான். அப்போதுதான் ஒரு காலைநேரம் இபு தார்மி, கத்தரிப்பூத் துணி மூட்டையை மோட்டார் சைக்கிளில் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கினார்.

"சொந்த மாமனாரையே விடல நீ. அப்போ இது கட்சி வேலை இல்லன்னு புரிஞ்சுபோச்சு. வா, நானும் வரேன்," என்றார். அவர் போனதைப் பார்த்து இன்னும் சிலர் மூட்டையோடு போனார்கள். கண்காணிப்பு அலுவலகத்தில் துணி வைக்க இடமில்லாமல் போயிற்றாம். விக்னோவின் நாற்காலி போயிற்று, மாற்றல் உத்தரவும் அதோடு போயிற்று. இப்போது நீங்களே சொல்லுங்கள், என்மேல் புகார் இல்லாவிட்டால் அந்தப் புகார் நின்றிருக்குமா? என் பங்கும் இதில் இருக்கிறது என்று ஜுமாடியிடம் சொன்னேன். அவர் எனக்கு இன்னொரு காப்பி ஊற்றினார்.

தேர்தலில் எண் இரண்டு ஜெயித்தார். நான் துள்ளிக் குதித்தேன், மறுக்கவில்லை. அடுத்த வாரம் ஜெயித்தவரின் ஆட்கள் பழக்கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, விக்னோவின் காலி நாற்காலியில் பலுப்பியை உட்கார வைக்கப் போவதாகச் சொன்னார்கள். "எங்களுக்காக இவ்ளோ செஞ்சிருக்கீங்க" என்றார்கள். நான் மனசுக்குள் உங்களுக்குத் தந்தியே அடித்துவிட்டேன்.

"உங்களுக்காக நான் எதுவும் செய்யலீங்க," என்றாள் உங்கள் மகள். "உங்க தொட்டியத் திருப்பி அனுப்பினதும் நான்தான். மறுநாள் கொண்டு வரச் சொன்னேனே, தொட்டி எங்க?"

தொட்டி எங்கோ வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாம். பழக்கூடையையும் அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்பினாள். அதில் நல்ல சலாக் பழம் இருந்தது, அது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் இந்தச் செய்தி பரவியதும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்று கூடினார்கள். ஒன்றுக்கு ஓட்டுப் போட்டவர்களும் இரண்டுக்கு ஓட்டுப் போட்டவர்களும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்து பம்பைக் கழற்றிப் பழுது பார்த்து மாட்டினார்கள். தடை நீங்கியதால் நானும் குழாய் சுமந்தேன். தண்ணீர் பீய்ச்சி வந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் எந்த எண்ணும் இல்லை. பலுப்பி நனைந்த உடையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே என் பக்கம் திரும்பி, "அப்பா, இப்போ கைதட்டலாம்," என்றாள்.

இப்படி ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்த உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது? இனி என் ஆயுளில் அரசியல் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று இதன் மூலம் எழுத்தில் உறுதி கூறுகிறேன். இந்தக் கடிதத்தை அங்கே வாய் நீளமாக உள்ள உறவினர் அனைவருக்கும் உரக்கப் படித்துக் காட்டவும். இறைவன் உங்கள் முழங்காலுக்கு வலுவையும், சம்பந்தியம்மாவின் கண்ணுக்கு ஒளியையும், மிளகுக்கு நல்ல விலையையும் தரட்டும்.

என்றும் உங்கள் அன்பும் மரியாதையும் உள்ள சம்பந்தி,
சுவோந்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் எங்கள் தெருக்காரர்கள் வந்து, தெருத் தலைவர் தேர்தலில் நான் நின்றே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். மறுக்க முடியவில்லை. அவர்கள் போன பிறகு சுமியா சந்தையிலிருந்து வந்தாள். அவளைச் சந்தையிலேயே பார்த்துப் பேசி இன்னொரு கூட்டம் சம்மதம் வாங்கிவிட்டதாம், எதிர்த்து நிற்பது அவள்தான். பலுப்பியிடம், யாருக்கம்மா உன் ஓட்டு என்று கேட்டேன். இன்று மதியத்திலிருந்து எங்கள் இரண்டு பேர் தட்டிலும் பொரித்த சோயா டெம்பே துண்டுகளைச் சரிசமமாக எண்ணி வைக்கிறாள்.