என் பெயரில் ஒரு புதுவகைச் செல்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தர்ஷினி நன்றாக வேலை செய்த நாளில் எனக்குச் சோறு இறங்காது. அவளோ தினமும் நன்றாகத்தான் வேலை செய்தாள்.

ஆக்லாந்தில் இருவருக்கும் ஒரே ஆய்வகம். நான் மதுரை, அவள் யாழ்ப்பாணம். இரண்டு பேருமே தற்காலிகம். நிரந்தர வேலை ஒன்றே ஒன்றுதான் காலி. (என் விசாவும் அதை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.) இரத்தத்தில் எந்தச் செல் எந்த வகை என்று பிரிப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு வகையும் தன் மேற்பரப்பில் தனக்கென்று ஒரு புரதத்தை அணிந்திருக்கும்: டி செல்லுக்கு சிடி3, பி செல்லுக்கு சிடி19. அதில் போய் ஒட்டும் ஆன்டிபாடியை நிறம் சேர்த்து ஊற்றினால், இயந்திரம் நிறத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடும். தர்ஷினியின் படங்களில் புள்ளிகள் கோலம் மாதிரி நிற்கும். என்னுடையவை சிந்திய ரவை.

அந்த வாரம், செத்த செல்களைக் காட்டிக்கொடுக்கும் சாயம் என்னிடம் தீர்ந்துவிட்டது. தர்ஷினியிடம் ஒரு புட்டி இருந்தது.

"கேட்டா வாயிலருந்து முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் என் மனைவி, பிளாட் புஷ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் பருப்பைத் தாளித்துக்கொண்டே.

அவளிடமா? நானா? சாயம் இல்லாமலே செய்தேன். திரையில் சிடி3, சிடி19 இரண்டையும் அணிந்த செல்கள் கூட்டமாக நின்றன. உலகம் பார்க்காத புது வகை! தர்ஷினியின் முகம் எப்படிக் கறுக்கும் என்று பார்க்கும் ஆசையில், மறுபடி சரிபார்க்காமலே திங்கட்கிழமைக் கூட்டத்தில் அறிவித்தேன். அந்த வகைக்குப் பெயர்கூட வைத்திருந்தேன். (என் பெயர்தான்.)

தர்ஷினி என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழில் கேட்டாள். "அண்ணா, செத்த செல்லுக்குரிய சாயம் போட்டனீங்களோ?"

பேராசிரியர் விடவில்லை. "வாட் டிட் ஷி சே?"

என் வாயாலேயே மொழிபெயர்த்தேன். செத்த செல்லுக்கு வெட்கம் கிடையாது. எந்த ஆன்டிபாடி வந்தாலும் ஒட்டவைத்துக்கொள்ளும். என் பெயரைத் தாங்கிய வகை மொத்தமும் பிணம். அறையே சிரித்தது, தர்ஷினியைத் தவிர.

"என்னட்டைக் கேட்டிருந்தா தந்திருப்பனே அண்ணா," என்றாள் வெளியே வந்ததும். உண்மையாகத்தான் சொன்னாள். அதற்கும் எனக்கு எரிந்தது.

வேலை அவளுக்குப் போனது. ஹென்டர்சனில் உணவுப் பொருள்களைச் சோதிக்கும் இடத்தில் வேலை கிடைத்து என் விசா பிழைத்தது. கூட்டத்தில் நடந்தது வீட்டுக்குத் தெரிந்த நாளிலிருந்து நான் எதைப் பெருமையாக அறிவித்தாலும், இங்கே பிறந்த என் மகள், "அலைவ்வா டெட்டான்னு செக் பண்ணீங்களா, டாட்?" என்பாள். போன வாரம் தர்ஷினிக்குப் பதவி உயர்வு என்று செய்தி வந்தது.

"எனக்கு இப்பல்லாம் அவ மேல பொறாமையே கிடையாது. அது செத்துப்போய் ரொம்ப நாளாச்சு," என்றேன்.

தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் மகள் கேட்டாள்: "டிட் யூ செக், டாட்?"